அவருடைய கையெழுத்தை நீங்கள் ஏன் போடுகிறீர்கள்?

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக நிதி திரட்டும் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். பணம் வேண்டுமென்றால் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நிர்வாகத்தில் ஒரு மாற்றம் சொன்னால், 'அது உங்கள் வேலை இல்லை' என்கிறார்கள். களப்பணியாளர்கள் கேட்ட விவரங்களைத் தருவதில்லை. அறங்காவலர்கள் ஒரு நன்கொடையாளரிடம்கூடப் பேசியதில்லை. இயக்குநர் நல்லவர், ஆனால் ஓயாத வேலை. நன்றிக் கடிதங்களில்கூட அவருடைய கையெழுத்தை நானே போட்டு அனுப்பிவிடுகிறேன். இந்த நிறுவனம் மாற வேண்டும் என்று தவிக்கிறேன். அதிகாரம் இல்லாத நான் என்ன செய்ய முடியும்? விலகிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: களப்பணியாளர்கள், அறங்காவலர்கள், அதிகாரம் என்று நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகள் எனக்குப் புதியவை அல்ல. நிதி திரட்டுபவர்கள் எழுதும் கடிதங்களில் பெயர் மாறும், குறை மாறாது. அமெரிக்காவில் 2,700-க்கும் மேற்பட்ட இயக்குநர்களிடமும் நிதிப் பொறுப்பாளர்களிடமும் கேட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பொறுப்பாளர்களில் பாதிப் பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த வேலையை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார்கள். விலகுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

'அவருடைய கையெழுத்தை நானே போட்டு அனுப்பிவிடுகிறேன்.' போகிற போக்கில் இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அம்மா, அது தவறு. உதவி என்றோ, நேரத்தை மிச்சப்படுத்துவது என்றோ அதற்குப் பெயர் சூட்டாதீர்கள். தன் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை அனுப்பிய பெரியவர் ஒருவர் அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருப்பார். இயக்குநரே நம் பெயரைத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்று நம்பியிருப்பார். இயக்குநருக்கோ அப்படி ஒருவர் உலகத்தில் இருப்பதே தெரியாது. நிதி திரட்டும் துறையின் அமைப்புகள் சேர்ந்து 1993-இல் வகுத்த நன்கொடையாளர் உரிமைச் சாசனத்தில் 10 உரிமைகள் உண்டு. கேள்வி கேட்டால் தாமதமின்றி, உண்மையான, ஒளிவுமறைவற்ற பதிலைப் பெறும் உரிமை அதில் கடைசி. 'இந்தக் கடிதத்தை எழுதியது யார்?' என்று அந்தப் பெரியவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொரு கேடும் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. இயக்குநர் நன்கொடையாளர்களை அறியாமல் இருப்பதற்கு அவருடைய வேலைப்பளு மட்டும் காரணம் அல்ல. அறியத் தேவையில்லாதபடி ஏழு ஆண்டுகளாக நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள்.

எத்தனையோ குடும்பங்களில் இதைக் கண்டிருக்கிறேன். கடன்காரர் வந்தால் வாசலிலேயே நின்று பேசி அனுப்புவாள் மூத்த மகள். அப்பாவுக்குக் கவலை வேண்டாம், தம்பி படிக்கட்டும் என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். பத்து ஆண்டுகள் கழித்து, 'இந்த வீட்டில் யாருக்கும் பொறுப்பு இல்லை' என்று அழுவாள். பொறுப்பை அவள் யாருக்குக் கொடுத்தாள்? பெற்றவரின் பாரத்தில் பிள்ளை பங்கேற்பது கடமை. அவருக்கு நிலைமையே தெரியாதபடி மறைத்துவைப்பது கடமை அல்ல. வீட்டின் உண்மை நிலை வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பலருடைய பணத்தில் பிறருக்காக நடக்கும் நிறுவனத்துக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். 'நான் கொடுத்த பணத்தால் என்ன மாறியது?' என்ற கேள்வியை உங்கள் நிறுவனத்தில் நேருக்கு நேர் கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கேள்வி உள்ளே போனால் கணக்கு மாறும், அறிக்கை மாறும், எந்தத் திட்டத்தைத் தொடர்வது என்ற பேச்சே மாறும். நீங்களோ அதற்கு அழகான வாக்கியங்களில் பதில் எழுதி, வாசலோடு அனுப்பிவிடுகிறீர்கள்.

நாளை காலை இயக்குநரின் அறைக்குப் போங்கள். இதுவரை செய்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கும். பிறகு பத்துக் கடிதங்களை அவர் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றோடும் அந்த நன்கொடையாளர் எழுதியதையும், எத்தனை ஆண்டுகளாகக் கொடுக்கிறார், எதற்காகக் கொடுத்தார் என்ற குறிப்பையும் இணையுங்கள். நேரமில்லை என்பார். எல்லாக் கடிதங்களுக்கும் அவரால் முடியாது என்பது உண்மைதான். மீதியை உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் அனுப்புங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. இந்தப் பத்து மட்டும் அவருடையவை.

களப்பணியாளர்களிடம் வெற்றிக் கதை கேட்டுத் துரத்துவதை நிறுத்துங்கள். ஒரு நன்கொடையாளரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் படித்துக் காட்டுங்கள். அந்தத் திட்டம் சரியாக நடக்கவில்லை என்று அவர்கள் சொன்னால், அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அறங்காவலர்கள் ஆளுக்கு மூன்று நன்கொடையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லட்டும். பணம் கேட்கக் கூடாது, நன்றி மட்டும். இதனால் நன்கொடை கூடும் என்று மட்டும் அவர்களிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களின் கொடையாளர்கள் உட்பட 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆறு ஆண்டுகள் சோதித்தார்கள். நன்றி அழைப்பு வந்தவர்கள், வராதவர்களைவிட அதிகமாகக் கொடுத்துவிடவில்லை. நான் இதைச் செய்யச் சொல்வது அழைப்பவருக்காக. 'போன வருடம் எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை' என்று ஒரு முதியவர் சொல்வதைத் தன் காதால் கேட்ட அறங்காவலர், அடுத்த கூட்டத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்க மாட்டார்.

இத்தனையும் செய்து ஓராண்டு கழித்தும் இயக்குநர் அந்தப் பத்துக் கடிதங்களைத் தொடவில்லை என்றால் எழுதுங்கள். விலகுவதைப் பற்றி அப்போது பேசுவோம். அதுவரை அந்தக் கடிதங்கள் தாமதமாகத்தான் போகும். போகட்டும். யாராவது கேட்டால், உங்கள் எண்ணைத் தராதீர்கள். இயக்குநரின் எண்ணைக் கொடுங்கள்.