வாசகர் கேள்வி – பதில்: ரெண்டு மைக் போதாதபோது எதை வாங்குவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் ஓர் அறையைத்தான் ஸ்டூடியோவாக வைத்திருக்கிறேன். போகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), விண்டோஸ் லப்டொப், ரெண்டு மைக், அவ்வளவுதான். பாட்டும் கீபோர்டும் மட்டும் செய்தவரை அது போதுமாக இருந்தது. இப்போது கோயில் பாடல்கள் கேட்டு வருகிறார்கள். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் நாலையும் ஒன்றாக இருத்திப் பதிய வேண்டும். ஒரு நண்பர், எட்டு மைக் செருகும் பெஹ்ரிங்கர் பெட்டியை வாங்கி இதோடு இணைத்துவிடு என்கிறார். இன்னொருவர், இன்னொரு 2ஐ2ஐ செக்கன்ட் ஹாண்டில் எடுத்தால் முடிந்தது என்கிறார். கடைக்காரர் மிக்சர் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் முதல் ரெண்டும் உங்களிடம் உள்ள சாமானோடு ஒத்துவராது, மூன்றாவது எந்த மிக்சர் என்பதைப் பொறுத்தது.

முதல் நண்பர் சொல்லும் பெட்டி ஏடிஏ8200 ஆக இருக்க வேண்டும். நல்ல பெட்டிதான், எட்டு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) இருக்கிறது. ஆனால் அதில் யூஎஸ்பி கிடையாது. எட்டு மைக்கையும் டிஜிட்டலாக்கி ஒரே ஒரு ஒப்டிகல் வயரில் வெளியே அனுப்பும், அதை வாங்கிக்கொள்ள உங்கள் இன்டர்பேஸில் ஏடாட் என்ற ஒப்டிகல் வழி இருக்க வேண்டும். எந்தத் தலைமுறை 2ஐ2ஐத் திருப்பிப் பார்த்தாலும் பின்னால் அந்த சொக்கெட் இல்லை. வாங்கி வந்தால் வெறுமனே லைட் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த ஏடாட் எங்கிருந்து வந்தது என்றால், அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிமுகப்படுத்திய எட்டு ட்ராக் மெஷினின் பெயர் அது. எஸ்-விஎச்எஸ் வீடியோ கசட்டில் பதியும். அந்த மெஷின்களை இப்போது யாரும் தேடுவதில்லை, ஆனால் எட்டு ட்ராக்கை ஒரே வயரில் அனுப்ப அவர்கள் வைத்த ஒப்டிகல் முறையை மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டதால் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. வயர்கூட டீவியிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகிற அதே வகைதான். இதில்தான் ஒரு பொறி இருக்கிறது: சில இன்டர்பேஸ்களில் ஒப்டிகல் சொக்கெட் இருக்கும், வயரும் டக்கென்று உள்ளே போய் உட்காரும், ஆனால் அது டீவியில் உள்ளதைப்போல ரெண்டே சனல் எடுக்கும் எஸ்பிடிஃப் மட்டும். சொக்கெட்டின் வடிவத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், மனுவலில் ஏடாட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரெண்டாவது யோசனை கேட்கச் சுகமாக இருக்கும், மலிவும்கூட. ஆனால் விண்டோஸில் ரெக்கோர்டிங் சொப்ட்வெயார்கள் பயன்படுத்தும் ஏசியோ முறையில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் (பெட்டியைக் கணினியோடு பேசவைக்கும் சொப்ட்வெயார்) ஓடும். ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டு ரெண்டையும் ஒன்றாகக் காட்டலாம் என்பார்கள், காட்டலாம்தான், ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. ரெண்டும் செக்கனுக்கு 48,000 தடவை எண்ணுவதாகச் சொன்னாலும், உண்மையில் ஒன்று மற்றதைவிட மயிரிழை வேகமாக இருக்கும். பத்து இலட்சத்துக்கு 20 என்ற அளவு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 6 மில்லிசெக்கன் விலகியிருக்கும். மிருதங்கத்தின் ஒரு மைக் ஒரு பெட்டியிலும் மற்றது அடுத்த பெட்டியிலும் இருந்தால், பாட்டின் தொடக்கத்தில் கணீரென்று இருந்த அடி போகப்போக டின்னுக்குள் அடிப்பதுபோல் ஆகிவிடும், எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். மக் கணினி என்றால் ரெண்டு இன்டர்பேஸை ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் விலகலைத் திருத்தும் வசதியும் அதிலேயே இருக்கின்றன. அங்கேகூட அவசரத்துக்குத்தான் நான் அதைச் சொல்வேன்.

சரி, மிக்சர். சாதாரண யூஎஸ்பி மிக்சரில் பன்னிரண்டு மைக் செருகினாலும் கணினிக்குப் போவது இடது, வலது என்று ரெண்டே ட்ராக். பதிந்த பிறகு கடம் தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் குறைப்போம் என்றால் முடியாது, பாட்டையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். அதனால் கடையில் "எத்தனை மைக் போடலாம்" என்று கேட்காதீர்கள். "எத்தனை ட்ராக் தனித்தனியாகக் கணினிக்குப் போகும்" என்று கேளுங்கள். சவுண்ட்கிராப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, சூம் லைவ்ட்ராக் எல்-12, பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்றவை எல்லாவற்றையும் தனித்தனியாக அனுப்பும். எல்-12 கணினி இல்லாமலே எஸ்டி கார்ட்டிலும் பதிந்துகொள்ளும், கோயில் மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் அதுதான் வசதி. ஸ்டூடியோவைவிட மேடை வேலை அதிகம் என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

இனி உங்கள் கணக்கு. பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ரெண்டு, கடத்துக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. ஆனால் ஐந்தும் ஒரே நேரத்தில் வேண்டுமா? கோயில் பாடல்களில் பெரும்பாலும் தாளம் நிலையாக ஒரே வேகத்தில் போகும். முதலில் கீபோர்டோடு மாதிரிக் குரல் ஒன்றைக் கிளிக்குடன் (வேகம் மாறாமலிருக்க ஹெட்போனில் வரும் டிக் டிக் சத்தம்) பதிந்து, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு மிருதங்கம் ரெண்டு மைக்கில், பிறகு கடம், வயலின், கடைசியாக உண்மைக் குரல் என்று அடுக்கினால் உங்களிடம் உள்ள 2ஐ2 போதும், ஒரு சதமும் செலவில்லை. ஆனால் விருத்தம் பாடுகிறார், வயலின் பின்னால் வருகிறது, மிருதங்கமும் கடமும் கண்ணால் பேசிக்கொண்டு முத்தாய்ப்பு வைக்கிறார்கள் என்றால் அதைத் துண்டு துண்டாகப் பதிந்தால் உயிர் இருக்காது. அப்படி வேலை அடிக்கடி வருகிறது என்றால் மட்டும் செலவழியுங்கள்.

செலவழிப்பதென்று முடிவானால், 2ஐ2ஐ விற்றுவிட்டு ஏடாட் உள்ள ஒன்றுக்கு மாறுவதுதான் என் கட்சி. 2ஐ2 எல்லாரும் தேடும் மொடல், விற்பது கஷ்டமில்லை. மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 18ஐ8இல் நாலு ப்ரீஆம்ப், ஒப்டிகல் உள்வழி ரெண்டும் இருக்கின்றன. இன்றைக்கு நாலு மைக், நாளைக்கு வேலை பெருகினால் உங்கள் நண்பர் சொன்ன அதே எட்டு மைக் பெட்டியைச் சேர்த்துப் பன்னிரண்டு. நாலுக்குள் அடக்க மிருதங்கத்துக்கு ஒரு மைக்கோடு சமாளிக்க வேண்டியிருக்கும். அது மனதுக்கு ஒவ்வாது என்றால் எட்டு ப்ரீஆம்ப் உள்ள 18ஐ20. அதிலும் ஏடாட் இருக்கிறது.

மைக்கைக் கூட்டுகிறோம் என்றால் அறையில் உள்ள சத்தத்தையும் கூட்டுகிறோம், இதை யாரும் கடையில் சொல்லமாட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி, மறு பக்கம் கடற்கரை ரயில் பாதை. ஒரு மைக்கில் லேசாகக் கேட்ட ரயில், ஐந்து மைக் திறந்திருக்கும்போது தாராளமாகக் கேட்கும். ரயில் போகும்வரை நிறுத்துங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள். பாடகரின் மைக்கின் பின்முதுகு கடத்தைப் பார்க்கும்படி ஆட்களை இருத்துங்கள், கார்டியொயிட் மைக்குக்குப் பின்பக்கம்தான் காது மந்தம். ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஓர் அடியில் இருந்தால் அடுத்த மைக் அதிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மிருதங்கத்தில் ரெண்டு மைக் வைக்கும்போது இன்னொன்று. வலந்தலை (வலக்கை அடிக்கும்) பக்க மைக்கை ஒரு சாண் தள்ளி, நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தை நேராகப் பார்க்காமல் விளிம்புப் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள், மீட்டு என்ற அடி தெளிவாக வரும். தொப்பி (இடக்கை) பக்கத்துக்கு எஸ்எம்57 மாதிரி, வெளி மின்சாரம் வேண்டாத டைனமிக் மைக்கே போதும். ரெண்டு மைக்கும் ஒரே வாத்தியத்தை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கேட்பதால், சேர்த்துப் போடும்போது தொப்பியின் அடித்தொனியான கும்கி காணாமல் போகக்கூடும். சொப்ட்வெயாரில் ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தியும் விட்டும் கேளுங்கள். எந்தப் பக்கம் அடித்தொனி நெஞ்சில் படுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எட்டு சனல் பெட்டியை ஒப்டிகலில் இணைத்துவிட்டேன். எல்லாச் சனலும் வருகின்றன, ஆனால் சில செக்கன்களுக்கு ஒருமுறை டிக் என்று ஒரு சத்தம். வயரையும் மாற்றிப் பார்த்தேன். பெட்டி பழுதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. ரெண்டு பெட்டியும் தான்தான் தலைவர் என்று தன் கடிகாரத்தில் ஓடுகின்றன. வெளிப்பெட்டியின் பின்னால் உள்ள சிங்க் சுவிட்சை உள் கடிகாரம் 48 என்ற இடத்தில் வையுங்கள், பிறகு இன்டர்பேஸின் கன்ட்ரோல் சொப்ட்வெயாரில் கிளொக் சோர்ஸை (எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்ற தெரிவு) ஏடாட் என்று மாற்றுங்கள். ப்ராஜெக்டும் 48,000இல் இருக்க வேண்டும், 44,100இல் திறந்துவிட்டு டிக் டிக் என்று தேடக்கூடாது. 96,000இல் பதிய ஆசைப்படாதீர்கள். அந்த வேகத்தில் ஏடாட் ஒரு வயரில் நாலு சனல்தான் கொண்டுபோகும், அதோடு ஏடிஏ8200 போன்றவை 48,000க்கு மேல் போகவே போகாது. ஒப்டிகல் வயரை மேசைக்கால் மூலையில் மடக்கிவிட்டிருந்தாலும் இதே சத்தம் வரும்.

கேள்வி: புதிய பெட்டியில் பாண்டம் பவருக்கு (மைக் வயர் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட்) எட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டன். அந்த மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்குக்காகப் போட்டால் பக்கத்தில் இருக்கும் எஸ்எம்58 எரிந்துவிடுமா? அத்தோடு, எல்லாவற்றையும் இணைத்த பிறகு ஒரு உறுமல் சத்தமும் வருகிறது.
– வாசகி, தெஹிவளை

பதில்: எரியாது. நல்ல எக்ஸ்எல்ஆர் வயரில் 48 வோல்ட் ரெண்டு கம்பியிலும் சமமாகப் போவதால் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு அது இருப்பதே தெரியாது. வயருக்குள் ஒரு கம்பி கழன்றிருந்தால்தான் கவலை, பழைய ரிபன் மைக்கையும் அந்தப் பெட்டியில் செருகாதீர்கள். கீபோர்டை எக்ஸ்எல்ஆர் வயர் ஒட்டவைத்து மைக் சொக்கெட்டில் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டு, லைன் சொக்கெட்டில் அல்லது டிஐ பெட்டி (கீபோர்டின் சிக்னலை மைக் சொக்கெட்டுக்கு ஏற்றதாக்கும் சிறு பெட்டி) வழியாகக் கொடுங்கள். பட்டனை அழுத்தும் முன் ஸ்பீக்கரைக் குறைக்க மறக்க வேண்டாம்.

உறுமலுக்கு லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் எர்த் பிரச்சினை. எல்லாச் சாமானையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எர்த் உள்ள ஒரே மல்டி பிளக்கில் எடுங்கள். எர்த் பின்னைக் கழற்றினால் சத்தம் நிற்கும் என்று யாராவது ஐடியா தந்தால் கேட்காதீர்கள், சத்தம் நிற்கும்தான், ஆனால் 230 வோல்ட் ஒழுகினால் மைக்கில் வாயை வைக்கும் ஆளுக்குத்தான் அடிக்கும். இங்கே ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுவது நல்லது.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லப்டொப். எட்டு ட்ராக் ஒன்றாகப் பதிய அது தாங்குமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: பதிவது பெரிய பாரம் இல்லை. 24 பிட், 48,000இல் எட்டு ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 70 எம்பிக்குச் சற்றுக் குறைவு, ஒரு மணித்தியாலத்துக்கு நாலு ஜிபியை ஒட்டி வரும். பழைய ஹாட் டிஸ்க்கே அதை எழுதிவிடும். மூச்சுத் திணறுவது எதிரொலி, ஓட்டோடியூன் என்று ப்ளகின்களை அடுக்கும்போதுதான். பதியும் நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவைத்து பஃபரை (கணினி ஒரு தடவையில் எடுத்துக் கையாளும் ஒலியின் அளவு) 128இல் வையுங்கள், மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம். இன்டர்பேஸை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேரே லப்டொப்பில் செருகுங்கள், வைஃபையையும் ஓஃப் பண்ணிவிடுங்கள்.