இரண்டாவது ஆள்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வருஷக் கடைசி வந்தாலே மனசு சோர்ந்துவிடுகிறது. தமிழுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நினைக்கிறேன், பிப்ரவரியில் நின்றுபோகிறது. உ.வே.சா. தனியாளாக எவ்வளவு செய்தார்! எனக்கு அந்த மன உறுதி இல்லை. இதையெல்லாம் பேசக்கூட இங்கே ஆள் இல்லை. உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து கிடைக்கிறது? இந்த ஆண்டு உங்களுக்கு எப்படிப் போனது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உ.வே.சா. தனியாளாகச் செய்தார் என்று நாமாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 1880-ல் அவரைச் சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியத்தின் பக்கம் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார். சமணக் கொள்கைகள் பிடிபடாதபோது கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் நூல் அச்சாகி வந்தபோது அதற்குப் பின்னால் ஏடு கொடுத்தவர்களும் பண உதவி செய்தவர்களும் இருந்தார்கள். அவருடைய உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் அந்த உழைப்பைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு சொந்தமாக எழுதியது குறைவு. மாலை நேரங்கள் பெரும்பாலும் விக்கிமூலத்தில், அதாவது தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இணைய நூலகத்தில், மெய்ப்புப் பார்ப்பதில் (எழுத்துப் பிழை திருத்துவதில்) போயின. நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்படியாக்கித் தந்தது. அவை பெருமளவில் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. படத்திலிருந்து எழுத்தைக் கணினி எடுத்துக் கொடுத்துவிடும். அப்புறம்தான் மனிதருக்கு வேலை. 'காலம்' என்பது 'கரலம்' என்று வந்து நிற்கும், ஏனென்றால் துணைக்காலும் ரகரமும் கணினிக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் கேட்கவே வேண்டாம். லை, ளை, னை எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும்; கணினி திணறிப்போய் எதையாவது போட்டுவிடும். ஒரு பக்கம் மூலப்படம், ஒரு பக்கம் எழுத்து. வரி வரியாக ஒப்பிட வேண்டும்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்திவிட்டால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. நான் மஞ்சளாக்கிய பக்கத்தை நானே பச்சையாக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டாவது ஆள் வந்தாக வேண்டும்.

நீங்கள் கேட்ட ஊக்கம் எனக்கு அங்கிருந்துதான் வருகிறது. இரவு நான் விட்டுப்போன நூலைக் காலையில் திறந்தால், முகம் தெரியாத ஒருவர் சில பக்கங்களைப் பச்சையாக்கி, அடுத்த அத்தியாயத்தையும் தொடங்கியிருப்பார். அதைப் பார்த்த பிறகு சும்மா உட்கார மனசு வராது. தன்னம்பிக்கைப் பேச்சுகள் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஒன்றும் இப்படி என்னை வேலையில் உட்கார வைத்ததில்லை. உங்கள் பிப்ரவரிக்கும் காரணம் மன உறுதிக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் செய்கிறீர்களா என்று பார்க்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது; அதுவும் இப்படித்தான் வளர்ந்தது: வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நூலாக எடுத்துத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் பிழை திருத்தினார்.

மயிலை சீனி. வேங்கடசாமியை இந்த ஆண்டு மறுபடி வாசித்தேன். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். பழைய உரைகளில் மேற்கோளாக மட்டும் மிஞ்சிய பாட்டுகளைத் தேடித் தேடி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று தொகுத்தார். அந்தப் பாட்டுகளின் முழு நூல் இன்று இல்லை. ஓர் எழுத்து பிசகினாலும் மூலநூலை எடுத்துவைத்துச் சரிபார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட பக்கத்தை மின்வடிவமாக்கும்போது அவசரப்படவே தோன்றாது. உங்களைப் போலக் கணக்கில் ஒரு பைசா பிசகாமல் பார்ப்பவர்கள் இந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

பேச ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். விக்கிமூலத்தில் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டு, உங்களுக்குப் பிடித்த நூல் எது என்று எனக்கு எழுதுங்கள். ஜனவரியில் அதையே எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படைப் பக்கங்களை நீங்கள் மஞ்சளாக்குங்கள், இரட்டைப்படையை நான் பார்க்கிறேன். அப்புறம் மாற்றிக்கொண்டு சரிபார்த்துவிடலாம்.