புதுச்சேரி போன்ற கட்டத் தெருக்கள் கொண்ட ஊரில், நெரிசல் நேரத்தில் மிக விரைவான வழியை எப்படிக் கணக்கிடுவது?

கிழக்கே ஐந்து தெரு, வடக்கே நான்கு தெரு கடந்து செல்ல வேண்டுமென்றால், பின்வாங்காமல் போகும் வழிகள் மட்டும் 126 உண்டு. தெருக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்வரை அத்தனையின் நீளமும் ஒன்றேதான். ஆகவே இங்கே தூரத்தை அளந்து பயனில்லை. முக்குகளில் காத்திருப்பதும் திரும்புவதும்தான் வழிகளை வேறுபடுத்துகின்றன.

சந்திப்புகளைப் புள்ளிகளாகவும், இடைப்பட்ட தெருவைக் கடக்கும் நிமிடங்களை எடையாகவும் கொண்டு, மொத்த எடை மிகக் குறைவான வழியைக் கண்டுபிடிக்க, கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையைப் பயன்படுத்தலாம் என்பதே வழக்கமான பதில். ஆனால் அது திரும்புவதற்கு நேரமே ஆகாது என்று எடுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், வலப்பக்கம் திரும்புபவர் எதிரில் வருவோரைக் கடந்தாக வேண்டும். மாலையில் நேரு வீதி முக்கில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் கிழக்கே போக வேண்டியவர் என்று கொள்வோம். ஒரு சந்திப்பை வடக்கு நோக்கி வந்து 8ஆம் நிமிடத்தில் அடைந்து, வலப்பக்கம் திரும்ப 3 நிமிடம் ஆனால் மொத்தம் 11. கிழக்கு நோக்கியே வந்து 9ஆம் நிமிடத்தில் அடைந்து, ஒரு நிமிடத்தில் நேரே கடந்தால் மொத்தம் 10. சந்திப்பை முதலில் அடைந்த வழியை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கு, இரண்டாவதைத் தூக்கி எறிந்துவிடும். எனவே சந்திப்பை மட்டுமல்லாமல், எந்தத் திசையிலிருந்து அதற்குள் வந்தோம் என்பதையும் சேர்த்தே ஒரு நிலையாகக் கொள்ளுங்கள். நூறு சந்திப்புகளுக்கு நானூறு நிலைகள்தான் வரும். கைபேசிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

நெரிசல், நேரத்துக்கு நேரம் மாறுவதால், எடையை அந்தத் தெருவுக்குள் நுழையும் மணியைப் பொறுத்ததாக வையுங்கள். பின்னால் நுழைந்தவர் முன்னால் வெளியேற முடியாது என்ற நிபந்தனை இருந்தால் இதே முறை பிசகாது. மாலை 6 மணிக்கு வண்டிகளுக்கு மூடப்படும் கடற்கரைச் சாலையை, அதற்குப் பின் வந்து சேரும் வழிகளுக்கு இல்லாததாகவே கருதலாம்.

இலக்கை அடைய மீதமுள்ள நேரத்தை மதிப்பிட்டு, அந்தப் பக்கமாகவே முதலில் தேடும் ஏ ஸ்டார் (A*) முறையால் (1968இல் வெளியானது) தேடலைச் சுருக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: மீதமுள்ள நேரத்தை ஒருபோதும் மிகையாக மதிப்பிடக் கூடாது. நம் ஊரின் கட்டங்களைச் சுற்றி வளைந்து செல்லும் புறச்சாலை மூலைகளைக் குறுக்கே வெட்டுவதால், தெருக் கணக்கில் எண்ணிய தூரம் சில இடங்களில் உண்மையைவிடக் கூடுதலாகிவிடும். நேர்கோட்டுத் தூரத்தை அதிகபட்ச வேகத்தால் வகுத்துக்கொள்வதே பாதுகாப்பு. காந்தி வீதிக்கு மட்டும், அங்கே கூடும் சந்தைக்காக, ஞாயிற்றுக்கிழமை எடைகளைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.