பின்னேரத்தில் விலகும் பந்து

அன்புள்ள ஐயா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். நண்பனின் தென்னங்காணியில் சனிக்கிழமைகளில் பெயின்ட்பால் விளையாடுகிறோம், பெயின்ட் நிரப்பிய பந்தைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டு. காலையில் 20 மீற்றரில் நிற்கும் தகரத்தில் ஐந்துக்கு நான்கு படும். பின்னேரமானால் கண்டபாட்டுக்குப் போகிறது. துப்பாக்கிக்கு நீளமான பரல் (குழல்) போட்டால் சரிவரும் என்கிறார்கள். கனடா மாமாவிடம் கேட்கட்டுமா? அல்லது சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்டுக்கே மாறிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

மாமாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காலையில் சுட்டதும் பின்னேரம் சுட்டதும் ஒரே பரல்தானே? இடையில் மாறியது பந்து.

பெயின்ட்பாலின் தோல் ஜெலட்டின், மருந்துக் கப்சூலின் கூடு மாதிரி. ஈரத்தைக் குடித்து வீங்கும், வெயிலில் இளகும். நம் கடற்கரைக் காற்றில் பையைத் திறந்து வைத்தால் உருண்டை மெல்ல முட்டையாகிவிடும். 0.68 அங்குலப் பந்து, எடை ஏறக்குறைய 3 கிராம். கொஞ்சம் கோணினாலும் தன்பாட்டுக்கு வளைந்து போகும். நானும் ஒருமுறை பையைக் கார் டிக்கிக்குள் மறந்துவிட்டு, அன்று முழுக்கத் துப்பாக்கியைத் திட்டியிருக்கிறேன்.

மதியம் ஒருதரம் பரலைக் கழற்றி, பின்பக்கத்தால் ஒரு பந்தைப் போடுங்கள். அது நிற்கவேண்டும், வாயால் ஊதினால் வழுக்கிப் போகவேண்டும். தானாக உருண்டு விழுந்தால் பரலின் துளை பெரிது. ஊதியும் அசையாவிட்டால் பந்து வீங்கிவிட்டது. பையை இறுகக் கட்டி நிழலில் வையுங்கள். பரலுக்குள் ஒரு பந்து உடைந்திருந்தால் துடைக்காமல் அடுத்ததைச் சுடவேண்டாம், ஒட்டிய பெயின்ட் எல்லாப் பந்தையும் திசைதிருப்பும்.

நீளப் பரலால் சத்தம் கொஞ்சம் குறையும், படம் பிடித்தால் எடுப்பாக இருக்கும். குறியின் துல்லியம் அதிகமாகாது.

பந்தைத் தள்ளும் வாயுச் சிலிண்டர் கார்பன் டை ஆக்சைடா? அப்படியென்றால் படபடவென்று சுடாதீர்கள். சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், பந்து முன்னாலேயே விழும்.

ஏர்சாஃப்ட் வேறு கணக்கு. அந்த 6 மில்லிமீற்றர் குண்டை, பரலின் தொடக்கத்தில் இருக்கும் ஹொப்-அப் என்ற ரப்பர் பின்னோக்கிச் சுழற்றி மிதக்க வைக்கிறது. கச்சான் காற்று வீசும் நாளில் 0.20 கிராம் குண்டு பக்கவாட்டில் ஓடும், 0.28 எடுங்கள். எடையை மாற்றினால் ஹொப்-அப்பையும் திருத்தவேண்டும்: குண்டு மேலே எழும்பினால் குறையுங்கள், சீக்கிரம் விழுந்தால் கூட்டுங்கள். ஆனால் ஏர்சாஃப்ட் துப்பாக்கி நிஜத்தை அப்படியே உரித்துவைத்தது. நம் ஊர் றோட்டில் அதை யாரும் விளையாட்டுச் சாமானாகப் பார்க்கமாட்டார்கள். முதலில் பொலிசில் அனுமதி பற்றிக் கேளுங்கள். கொண்டுபோவதென்றால் பைக்குள்.

அப்புறம், முகமூடியோடு கன்னத்தை வைத்துக் குறிபார்க்க முடியவில்லை என்று அதைத் தூக்கும் ஆட்கள் உண்டு. வேண்டாம், கண் போய்விடும். முதல் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து அடுத்ததைத் திருத்தினால் போதும்.

வருகிற சனிக்கிழமை ஊதிப்பார்த்துவிட்டு எழுதுங்கள்.