கணிதத்தை விட வேண்டாம்: போக்குவரத்து விமானி ஆக விரும்பும் மகளைப் பற்றிக் குன்னூர்த் தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்பில் சேரவிருக்கும் தங்கள் மகள் விமானப்படையில் போக்குவரத்து விமானம் ஓட்ட விரும்புகிறாள் என்றும், போர் விமானத்துக்குத் தேறாதவர்களைத்தான் அதில் போடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் அவளைக் கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவில் சேர்த்து மருத்துவத்துக்குத் திருப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சொன்னவர் நம் விமானப்படையின் போக்குவரத்து விமானப் பிரிவுகளில் ஒன்றான 44ஆவது ஸ்குவாட்ரனின் வரலாற்றை அறிந்திருக்க மாட்டார். 1961இல் ஆன்டனோவ்-12 விமானங்களுடன் தொடங்கப்பட்ட அந்தப் பிரிவு, மறு ஆண்டே சீனப் போரின்போது, லடாக்கில் 14,000 அடிக்கு மேல் உள்ள சுசூல் ஓடுதளத்துக்கு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் என்ஜினின் விசை குறையும். விமானம் தரையைத் தொடும் வேகமோ கூடும். ஆகவே எவ்வளவு சுமை, எவ்வளவு எரிபொருள் என்ற கணக்கில் தவறுக்கு இடமே இல்லை. பின்னர் இல்யூஷின்-76 விமானங்களுக்கு மாறி ஆக்ராவிலிருந்து இயங்கிய இதே பிரிவுதான், மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்த 1988 நவம்பர் 3 அன்று இரவே, பாராசூட் படையினரை 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், அந்நாட்டின் ஹுலுலே தீவில் உள்ள ஓடுதளத்தில் இறக்கியது. அந்த ஓடுதளம் யார் கையில் இருக்கிறது என்ற ஐயம் தீராத நிலையில் இறங்கினார்கள். தேறாதவர்களுக்கு ஒதுக்கும் வேலை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண் பிள்ளையாயிற்றே என்ற தயக்கமும் தங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம் விமானப்படையில் பெண்கள் போர் விமானம் ஓட்டத் தொடங்கியது 2016இல்தான். போக்குவரத்து விமானங்களையோ அவர்கள் 1990களிலிருந்தே ஓட்டி வருகிறார்கள்.

ஆனால் மகளிடம் ஒன்றை இப்போதே சொல்லிவிடுங்கள். போர் விமானமா, போக்குவரத்தா, ஹெலிகாப்டரா என்பதை அவள் மட்டும் முடிவு செய்ய முடியாது. பயிற்சியில் காட்டும் திறனையும் படையின் தேவையையும் பார்த்தே ஒதுக்குவார்கள். போக்குவரத்துப் பிரிவு கிடைத்தால், பெங்களூரின் எலகங்காவில் டோர்னியர் விமானத்தில் பயிற்சி தொடரும்.

நுழைய இரண்டு வழிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வு எழுதலாம்; அங்கே பயின்ற முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சியை நிறைவு செய்தது. அல்லது பட்டம் பெற்றபின் விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஆஃப்கேட் எழுதலாம். எந்த வழியானாலும், விமானி ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும் என்பதால், தூய அறிவியல் பிரிவு அவளுக்கு இந்தக் கதவை அடைத்துவிடும். கணிதத்தோடு உயிரியலும் உள்ள பிரிவை எடுத்தால் மருத்துவமும் கைவிட்டுப் போகாது.

எழுத்துத் தேர்வை மீண்டும் எழுதலாம். ஆனால் நேர்காணல் கட்டத்தில் வரும், விமானம் ஓட்டும் இயல்திறனைச் சோதிக்கும் கணினிவழி விமானித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அதனால் பயிற்சியில்லாமல் அவசரப்பட்டுப் போக வேண்டாம். பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்ப்பதற்கு முன், உயரம் 162.5 சென்டிமீட்டரை எட்டுமா என்று அளந்து பாருங்கள்; கண்பார்வையும் நிறப்பார்வையும் சரியாக உள்ளனவா என்று கோயம்புத்தூரில் ஒரு நல்ல கண் மருத்துவரிடம் இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். கோயம்புத்தூருக்கு அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்தில் ஆன்டனோவ்-32 போக்குவரத்து விமானங்களைக் கொண்ட 33ஆவது ஸ்குவாட்ரன் இயங்குகிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நாள் அறிவிக்கப்பட்டால் மகளையும் அழைத்துச் செல்லுங்கள்.