காணாத மீன் செத்த மீனா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் யாகிமா ஆற்றில், சால்மன் மீன்களின் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழியில் பாசன அணைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று சென்ற இதழில் ஒரு பதிலின் ஊடே குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டிருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சால்மன் மீன் வெள்ளத்தை எதிர்த்துத் துள்ளி ஏறுவதைப் படங்களில் பார்த்திருக்கிறோம். ஏறுவதுதானே கடினம்? தண்ணீர் போகும் திசையிலேயே இறங்கும் குஞ்சுக்கு என்ன இடைஞ்சல் இருக்க முடியும்?

ஏறுகிற மீன் பல கிலோ எடையுள்ளது; அதற்கென அணையின் ஓரத்தில் மீன் ஏணி கட்டியிருப்பார்கள். இறங்குகிற மீன் ஒரு சாண் நீளம்கூட இராது. யாகிமாவின் வசந்தகாலச் சினூக் எனப்படும் சால்மன் இனத்தின் குஞ்சு, நன்னீரில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்து, இரண்டாவது வசந்தத்தில் உடல் வெள்ளியாக மின்ன, செவுள்கள் உப்பு நீருக்கு ஏற்ப மாற, கடலை நோக்கிப் புறப்படுகிறது. இந்தப் பருவத்து மீனை ஸ்மோல்ட் என்பார்கள். அந்த மாற்றம் சில வாரங்களுக்குத்தான் நிற்கும் என்பதால், வழியில் தாமதமாகிவிட்டால் உடல் தயாராக இருந்த காலம் கடந்துவிடும்.

இறங்கும் குஞ்சு பெரும்பாலும் நீரோட்டத்தோடு போகிறது. பாசன அணையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஆற்று நீரில் கணிசமான பங்கு ஆற்றிலேயே தொடர்ந்து போகாமல் தலைமதகு வழியாகக் கால்வாய்க்குத் திரும்பிவிடுகிறது. நீர் போகிற பக்கம் மீனும் திரும்புகிறது. 344 கி.மீ. நீளமுள்ள யாகிமாவில் ரோசா, வபாட்டோ, சன்னிசைடு, ப்ராசர் என அடுத்தடுத்து அணைகள் குறுக்கிடுகின்றன. கொலம்பியா ஆற்றின் பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் இவை தாழ்ந்தவை. 1939இல் கட்டி முடிக்கப்பட்ட ரோசாவின் உயரம் ஏறத்தாழ 20 மீட்டர்தான். ஆனால் குஞ்சுக்கு அணையின் உயரத்தைவிட, அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு நீர் மிஞ்சுகிறது என்பதே முக்கியம் என்பது எமது கருத்து. நீர் குறைந்தால் ஓட்டம் மந்தமாகும், கலங்கல் தெளியும், கொன்றுண்ணும் மீன்களின் கண்ணில் குஞ்சு எளிதில் படும், நீர் சூடேறும். யாகிமாவின் கீழ்ப்பகுதியில் ஜூன் மாதத்திலேயே வெப்பம் அடிக்கடி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. இத்தனையும் கடந்து கொலம்பியாவை அடைந்த பிறகும் மெக்நேரி, ஜான் டே, தி டாலஸ், பானவில் ஆகிய நான்கு பெரிய அணைகளும் ஏறத்தாழ 540 கி.மீ. தூரமும் கடலுக்கு முன்னால் காத்திருக்கின்றன.

கேள்வி: கலங்கிய ஆற்றில் விரலளவு மீன்கள் எத்தனை பிழைத்தன என்று எப்படி எண்ணுகிறார்கள்? இது வெறும் ஊகம் இல்லையா?

எண்ணுவதில்லை என்பதே நேர்மையான பதில், மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த மதிப்பீடு ஊகம் அன்று. அதன் உள்ளமைப்பை விரிவாகச் சொல்வது தகும்.

முதலில் ஒவ்வொரு மீனுக்கும் தனி எண் வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படுவது பிட் டேக் எனப்படும் சில்லு. கண்ணாடி உறையிட்ட, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள இது மீனின் வயிற்றுக்குழிக்குள் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. உள்ளே பேட்டரி கிடையாது. மின்காந்தப் புலம் கொண்ட ஆன்டெனாவின் அருகே மீன் வரும்போது அந்தப் புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே மீன் உயிரோடிருக்கும் வரை, ஆண்டுகள் கழிந்து அது முட்டையிடத் திரும்பி வரும்போதுகூட, அந்தச் சில்லு பேசும். கொலம்பியா வடிநிலத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து இது வழக்கத்தில் இருக்கிறது; எண்கள் எல்லாம் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. குறை என்னவென்றால், ஆன்டெனாவுக்கு மிக அருகில் வந்தால்தான் அது படிக்கப்படும். குழாய்க்குள்ளோ குறுகிய தொட்டிக்குள்ளோ மீன் போனால் நல்லது. அகன்ற ஆற்றில் போனால் பதிவே இராது.

அதற்கு மாற்று, ஒலி அலைபரப்பி. பேட்டரியோடு கூடிய இந்தச் சிறு கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை தன் குறியீட்டை ஒலியாக வெளியிட, ஆற்றின் அடியில் வைத்த நீரொலிவாங்கிகள் அதைக் கேட்டுப் பதிகின்றன. அணையின் மேல்புறத் தேக்கத்தில் மீன் எத்தனை மணி நேரம் தயங்கியது, எந்த மதகு வழியே இறங்கியது என்பதுவரை இதில் தெரியவரும். ஆனால் பேட்டரி வாரங்களிலோ மாதங்களிலோ தீர்ந்துவிடும், நுரைத்து விழும் நீரின் இரைச்சலில் குறியீடு கேட்காமலும் போகும், விலையும் அதிகம்.

எந்தக் கருவியானாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். கீழே பதிவாகாத மீன் செத்திருக்கலாம். உயிரோடு, கருவியின் கண்ணில் படாமல் போயும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் சொல்லப்படும் எந்தப் பிழைப்பு விகிதத்தையும் நம்ப வேண்டியதில்லை. பிரிக்கும் வழி எளிது; விளக்கத்துக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். மேலே 1,000 மீன்களை விடுகிறோம். அணைக்குக் கீழே உள்ள முதல் நிலையத்தில் 400 மீன்கள் பதிவாகின்றன. இன்னும் கீழே, இரண்டாவது நிலையத்தில் 300 பதிவாகின்றன. அந்த 300இல் 200 மட்டுமே முதல் நிலையத்திலும் பதிவானவை. அந்த 300 மீன்களும் முதல் நிலையத்தை உயிரோடுதான் கடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிலையம் 200ஐத்தான் பார்த்தது. அதாவது முதல் நிலையத்தின் பார்வைத்திறன் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் அங்கே பதிவான 400 என்பது உண்மையில் கடந்த 600 மீன்களில் மூன்றில் இரண்டு பங்கு. பிழைப்பு விகிதம் 60 விழுக்காடு. பதிவை மட்டும் பார்த்து 40 என்று எழுதியவர், பிழைத்த மீன்களில் மூன்றில் ஒன்றைச் செத்ததாகக் கணக்கில் எழுதிவிட்டார்.

1964இல் கோர்மக்கும், 1965இல் ஜாலியும் சீபரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளின் பெயரால் வழங்கும் புள்ளியியல் மாதிரி, பல நிலையங்களுக்கும் இந்தத் தருக்கத்தை விரித்து, பிழை எல்லையையும் சேர்த்துத் தருகிறது. கடைசி நிலையத்துக்குக் கீழே சரிபார்க்க வேறு நிலையம் இராது என்பதால், அங்கே மட்டும் சாவையும் காணாமையையும் பிரிக்க முடியாது. யாகிமாவின் மீனை அளக்க மெக்நேரி, ஜான் டே, பானவில் அணைகளின் பதிவுகளும் தேவைப்படுவது இதனால்தான்.

ப்ராசர் அணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சாண்ட்லர் கால்வாய்க்குள் திரும்பும் குஞ்சுகளைச் சல்லடைகள் தடுத்து, மாற்றுக் குழாய் வழியாக ஆற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. வழியிலுள்ள கண்காணிப்பு நிலையத்தில் அவை பதிவாகின்றன. ஆனால் பதிவாவது கால்வாய்க்குள் போன மீன் மட்டுமே. ஆற்றில் வெள்ளம் மிகுந்த ஆண்டில் பெரும்பாலான குஞ்சுகள் கலிங்கின் மேல் வழிந்து போய்விடும். கால்வாய்க்குள் வருவது சிறு பங்கு. அப்போது நிலையத்தின் எண்ணிக்கை குறையும். கணக்கறியாதவர் அதைப் பார்த்து, நீர் நிறைந்த ஆண்டில் மீன் அழிந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடும்! இன்னொரு நுட்பமும் உண்டு. மேலே சொன்ன கணக்கு, முதல் நிலையத்தில் பதிவான மீனும் பதிவாகாத மீனும் அதற்குப் பிறகு ஒரே அளவில் பிழைக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. கால்வாய், சல்லடை, குழாய் என்று சுற்றி வந்த மீனும் கலிங்கில் நேரே வழிந்த மீனும் அப்படி ஒரே அளவில் பிழைக்கின்றனவா என்பதைத் தனியே சோதித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: செத்த மீன் அணையால்தான் செத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆற்றில் பிற ஆபத்துகள் இல்லையா?

உண்டு. அதனால்தான் இரண்டு குழுக்களாக மீன்களை விடுகிறார்கள். ஒரு குழு அணைக்கு மேலே. ஒப்பீட்டுக்கான மற்றொரு குழு அணைக்குச் சற்றுக் கீழே. இரண்டும் கீழே உள்ள அதே நிலையத்தை அடையும் விகிதங்களைக் கணக்கிட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், பொதுவாக உள்ள ஆற்றுப் பகுதியின் இழப்பு நீங்கி, அணையைக் கடந்ததன் விளைவு மட்டும் மிஞ்சும். இரு குழுக்களும் ஒரே அளவு மீன்களாக, ஒரே நாளில் ஒரே நீரில் பயணம் செய்பவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடைமுறையில் இதை நிறைவேற்றுவதில்தான் பாதி உழைப்பு போகிறது.

கொன்றுண்ணிகள் கணக்கைக் குழப்பும் விதம் சுவையானது. ஒலி அலைபரப்பியோடு ஒரு குஞ்சை ஸ்மால்மவுத் பாஸ் மீன் விழுங்கிவிட்டால், கருவி அதன் வயிற்றிலிருந்தே தொடர்ந்து ஒலிக்கும். நிலையமோ குஞ்சு உயிரோடிருப்பதாகப் பதிவு செய்யும். ஓட்டத்தை எதிர்த்து மேலே போய் வருவது, ஒரே இடத்தில் நாள்கணக்கில் சுற்றுவது போன்ற, ஸ்மோல்ட் செய்யாத நடமாட்டத்தைக் கொண்டு அவற்றைக் களைகிறார்கள். விழுங்கப்பட்டால் குறியீட்டையே மாற்றிக்கொள்ளும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன.

பறவைகளின் பங்கு வேறு வழியில் தெரிகிறது. நீர்க்காகங்களும் ஆலாக்களும் கூழைக்கடாக்களும் தின்ற மீன்களின் பிட் சில்லுகள் அவை கூடு கட்டும் தீவுகளில் எச்சத்தோடு விழுகின்றன. கூடு கட்டும் பருவம் முடிந்து பறவைகள் அகன்றபின் ஆய்வாளர்கள் ஆன்டெனாவோடு அந்த நிலத்தை வருடி எண்களைத் திரட்டுகிறார்கள். கொலம்பியாவின் கிரெசன்ட் தீவிலும் கழிமுகத்திலுள்ள ஈஸ்ட் சாண்ட் தீவிலும் இப்படி ஏராளமான சில்லுகள் கிடைத்திருக்கின்றன. தின்ற சில்லெல்லாம் தீவிலேயே விழுவதில்லை என்பதால் இங்கும் ஒரு திருத்தக் கணக்கு வேண்டியிருக்கிறது.

கேள்வி: சின்னஞ்சிறு மீனுக்குள் கருவியை வைப்பதே அதைக் கொன்றுவிடாதா?

கொல்லவும் கூடும். எனவே கருவியின் எடை மீனின் எடையில் சில விழுக்காட்டைத் தாண்டாதபடி மீன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதன் பக்க விளைவாக, மிகச் சிறிய குஞ்சுகள் ஆய்வுக்குள் வருவதேயில்லை; பெரிய குஞ்சுகளின் பிழைப்பை அளந்துவிட்டு, அதை முழுக் கூட்டத்துக்கும் ஏற்றிச் சொல்லும் அறிக்கைகளைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். குறியிட்ட மீன்களில் சிலவற்றைத் தொட்டியிலேயே வைத்திருந்து எத்தனை சாகின்றன, எத்தனை சில்லை உதிர்க்கின்றன என்றும் பார்ப்பது வழக்கம். யாகாமா பழங்குடி மக்களின் மீன்வளத் துறை 1997 முதல் நடத்திவரும் கிளீ எலம் மீன் வளர்ப்பு நிலையத்தின் குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு இவ்வாறு குறியிடப்படுகிறது.

கேள்வி: ஓர் அணையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிழைத்தால் போதாதா?

ஓர் அணை என்றால் போதும். நான்கு அணைகளில் அதே விகிதம் நீடித்தால் ஏறத்தாழ 81 மிஞ்சும். எட்டு அணைகளில் 66தான். இதில் அணைகளுக்கு இடைப்பட்ட ஆற்றின் இழப்பு சேரவில்லை. இறங்கிய ஸ்மோல்ட்களில் 2 முதல் 6 விழுக்காடு முதிர்ந்த மீன்களாகத் திரும்ப வேண்டும் என்பது அப்பகுதியின் மின்திட்ட மற்றும் பாதுகாப்பு மன்றம் வைத்திருக்கும் இலக்கு என்பதை நினைத்தால், இடையில் இழக்கும் ஒவ்வொரு விழுக்காடும் எவ்வளவு பெரிது என்பது புரியும்.

கேள்வி: இவ்வளவு அளந்து என்ன பயன்? பாசனத்தை நிறுத்திவிடப் போகிறார்களா?

நிறுத்தப் போவதில்லை; நிறுத்த வேண்டும் என்று ஆய்வாளர்களும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது, எந்த வாரத்தில் எவ்வளவு நீர் ஆற்றில் இருக்க வேண்டும் என்பதே.

சில மாற்றங்கள் எளிதாக நடந்தன. 1980களில் யாகிமாவின் பெரிய கால்வாய்களில் புதிய உருளைச் சல்லடைகள் அமைக்கப்பட்டன. மதகைத் திறக்கும் முறையும் கவனத்துக்கு வந்தது: ஸ்மோல்ட் மேல்மட்ட நீரில் நீந்துவது, மதகை அடியில் திறந்தால் அது ஆழத்துக்கு மூழ்கத் தயங்கித் தேக்கத்திலேயே சுற்றும், மேலே வழியவிட்டால் விரைந்து போய்விடும்.

கடினமானது நீர்ப் பங்கீடு. ரோசாவிலும் ப்ராசரிலும் கால்வாய்க்குத் திருப்பும் நீரில் ஒரு பகுதி பாசனத்துக்கு அன்று, மின்சாரத்துக்கு. ப்ராசரில் எடுக்கப்படும் மின் உற்பத்தி நீர் ஏறத்தாழ 18 கி.மீ. கீழேதான் ஆற்றுக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட பகுதி மெலிந்து ஓடும். வசந்தத்தில் ஆறு தாழ்ந்திருக்கும்போது மின் உற்பத்தியைக் குறைத்து அந்த நீரை ஆற்றிலேயே விடும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. உழவருடைய பங்கில் இதனால் ஒரு துளியும் குறைவதில்லை என்பதால் இதையே முதலில் செய்வது நியாயம் என்று எமக்குத் தோன்றுகிறது.

அடுத்தது, மேலேயுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து சில நாள்களுக்கு மட்டும் கூடுதல் நீரைத் திறந்து குஞ்சுகளை உந்திவிடுவது. யாகிமாவின் ஐந்து நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர்). ஆற்றின் ஆண்டு நீர்வரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. 2015ஆம் ஆண்டு வறட்சியில் பிந்தைய உரிமை கொண்ட, அதாவது நீருரிமை வரிசையில் பின்னால் நிற்கும், பாசனதாரர்களுக்கு உரிய பங்கில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இத்தகைய இடத்தில் மீனுக்கென்று திறக்கும் நீரை, குஞ்சுகள் உண்மையில் நகரும் நாள்களில்தான் செலவிட வேண்டும். தேக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த நீர் கீழ்ப்பகுதியை எட்டுமுன் வெயிலில் சூடேறிவிடுவதால், ஜூனில் திறந்து ஆற்றைக் குளிர்விக்கலாம் என்ற எண்ணம் பெரிதும் பலிப்பதில்லை. ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ திறந்து, வெப்பம் ஏறுமுன் குஞ்சுகளைக் கொலம்பியாவுக்குச் சேர்ப்பதே பயன் தரும். அதனால்தான் திறப்புக்கு முன்பும் பின்பும் குறியிட்ட மீன்களைத் தனித்தனிக் குழுக்களாக விட்டு, இரண்டின் பிழைப்பையும் பயண நாள்களையும் ஒப்பிட்டு, அடுத்த ஆண்டு எந்த நாளில் எத்தனை கன அடி திறப்பது என்று முடிவு செய்கிறார்கள்.