புவாரோவுக்கு முன்னும் பின்னும்: டேவிட் சூஷே பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹெர்க்யூல் புவாரோ என்றாலே எனக்கு டேவிட் சூஷேயின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வேடத்துக்கு முன்பு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இங்கிலாந்தின் ஐடிவி தொலைக்காட்சியில் அகதா கிறிஸ்டி கதைகளின் துப்பறிவாளர் புவாரோவாக அவர் முதன்முதலில் தோன்றியது 1989 ஜனவரி 8 அன்று. அப்போது அவருக்கு 42 வயது. தொழில்முறை நடிகராகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்மில் பலருக்கு அவர் திடீரென்று வந்தவராகத் தெரிந்தாலும், லண்டன் நாடக ரசிகர்களுக்கு அவர் ஏற்கெனவே நன்கு அறிமுகமானவர்.

1946 மே 2 அன்று லண்டனில் பிறந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய யூத மருத்துவர் அவருடைய தந்தை. தாய் மேடை நடிகையாக இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் ஜேம்ஸ் ஜார்ஷே பத்திரிகை உலகில் பேர்பெற்ற புகைப்படக்காரர். பள்ளி நாடகத்தில் மாக்பெத் வேடம் போட்டதும், பிறகு தேசிய இளைஞர் நாடக மன்றத்தில் சேர்ந்ததும் அவரை நடிப்பின் பக்கம் திருப்பின. லண்டனின் லாம்டா நாடகப் பள்ளியில் பயின்று, 1969இல் செஸ்டர் நகரத்து அரங்கில் தொழிலைத் தொடங்கி, ஊர் ஊராகச் சிறிய அரங்குகளில் நடித்துவிட்டு, 1973இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். உயரம் அதிகமில்லாத, கட்டுக்குட்டான உடல்வாகு அவருடையது. காதல் நாயகன் வேடங்கள் தமக்கு வரப்போவதில்லை என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். தாம் குணச்சித்திர நடிகர் என்று எங்கு போனாலும் தயக்கமின்றிச் சொல்லிக்கொள்பவர். நடிகனின் வேலை எழுத்தாளருக்குப் பணி செய்வதே, எழுதப்பட்ட பாத்திரத்தை விட்டுத் தன்னைக் காட்டிக்கொள்வதல்ல என்ற முடிவுக்கு அவர் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டார். அவருடைய பிற்கால வெற்றிகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: அவருடைய ஷேக்ஸ்பியர் வேடங்களில் எது முக்கியமானது? பதிவு ஏதேனும் பார்க்கக் கிடைக்குமா? (மதுரையில் நாடகம் பயிலும் மாணவி)

பதில்: காலிபன், இயாகோ, ஷைலாக், டைமன் என்று பலவற்றைச் சொல்லலாம். 1985இல் பென் கிங்ஸ்லி ஒதெல்லோவாக நடித்தபோது இயாகோ இவர்தான். ஆனால் உங்களைப் போன்ற மாணவருக்கு நான் பரிந்துரைப்பது 1981இல் ஜான் பார்ட்டன் இயக்கத்தில் அவர் செய்த ஷைலாக்கை; ‘தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் அவன். அந்த மேடை நிகழ்ச்சியைவிடவும் அதைப் பற்றி நடந்த ஓர் உரையாடல் உங்களுக்குப் பயன்படும்.

இதே பார்ட்டன் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1978இல், பேட்ரிக் ஸ்டீவர்ட்டை ஷைலாக்காக வைத்து அந்த நாடகத்தை இயக்கியிருந்தார். ‘பிளேயிங் ஷேக்ஸ்பியர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அவ்விருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரே காட்சிகளை இருவரும் மாறி மாறி நடித்துக்காட்டும்படி செய்தார். ஒரே நாடகம், ஒரே இயக்குநர், ஒரே வசனம். வந்து நின்றவர்களோ இரண்டு வேறு மனிதர்கள். ஸ்டீவர்ட்டின் ஷைலாக்குக்குப் பணம்தான் உயிர். அவன் யூதன் என்பதற்கு அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்தால் பாத்திரத்தைத் தவறவிட்டுவிடுவோம் என்பது அவருடைய வாதம். யூதக் குடும்பத்தில் பிறந்த சூஷேயோ, வெனிஸ் நகரம் அவனை வெளியே நிறுத்துவது அவன் யூதன் என்பதாலேயே என்றும், அதை மறந்துவிட்டு அந்த நாடகத்தை நடத்த முடியாது என்றும் கருதினார். இருவரும் ஒருவரையொருவர் மறுத்தாலும் மூலவரிகளை விட்டு ஓர் அங்குலம்கூட விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். கற்பனையால் வசனத்தை மூடிவிடாமல், வசனத்துக்குள்ளிருந்தே கற்பனையை எடுக்கும் முறை அது. நடிப்புப் பயிற்சி என்ற பெயரில் இன்று விற்கப்படும் பல வகுப்புகளைவிட அந்த ஒரு பகுதி மேலானது.

கேள்வி: புவாரோவின் நடை, குரல், தலை சாய்ப்பு எல்லாம் சூஷே கற்பனை செய்தவையா, கதையில் உள்ளவையா? (கோவை வாசகர்)

பதில்: பெரும்பாலும் கதையில் உள்ளவை. அதுதான் இதில் வியப்பு. வேடம் உறுதியானதும் அவர் செய்த முதல் வேலை, அகதா கிறிஸ்டியின் புவாரோ கதைகளைத் தேடிப் படித்து, அந்த மனிதரைப் பற்றி ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு சிறு விவரத்தையும் குறித்துக்கொண்டதுதான். பட்டியல் 93 குறிப்புகள் வரை நீண்டது. தேநீரிலோ காப்பியிலோ எத்தனை கட்டி சர்க்கரை போடுவார், எந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பார், காலணியில் தூசி பட்டால் எப்படித் துடிப்பார் என்பது வரை அதில் இருந்தது. படப்பிடிப்பின்போது அதைக் கையோடு வைத்திருந்தார்.

ஐந்தடி நான்கு அங்குல உயரம், முட்டை வடிவத் தலை, விறைத்த மீசை ஆகியவை நாவல்களைப் படித்தவர்களுக்குத் தெரிந்தவை. உடலுக்குள் பஞ்சுத் திண்டு வைத்து அந்தப் பருமனைக் கொண்டுவந்தார்கள். நடைதான் அவருக்கு எளிதில் பிடிபடவில்லை. இறுக்கமான பளபளப்புக் காலணி அணிந்து சிறு அடிகளாக விரைந்து நடப்பவர் என்று கிறிஸ்டி எழுதியிருப்பதைப் படித்தபின், பிட்டங்களுக்கு இடையே ஒரு சிறு காசை வைத்து அது விழாமல் நடந்து பழகும் பழைய நடிகர்களின் உத்தி அவருக்கு நினைவுக்கு வந்தது. அது புகழ்பெற்ற ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் சொன்னதாக மேடையுலகில் வழங்கிய கதை. வீட்டுத் தோட்டத்தில் அப்படியே நடந்து நடந்து பழகினார். அந்த நடையைத்தான் நாம் திரையில் பார்க்கிறோம்.

குரலுக்கும் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. சூஷேயின் இயல்பான குரல் நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல். எப்போதும் மூளையை மட்டுமே நம்பும் ஒரு மனிதரின் குரல் தலையிலிருந்து வரவேண்டும் என்று முடிவுசெய்து, பெல்ஜியத்தவர் பிரெஞ்சு பேசும் விதத்தை ஒலிப்பதிவுகளில் கேட்டுக் கேட்டு, அந்த உச்சரிப்போடு தம் குரலை மேலே ஏற்றினார். பிரெஞ்சுக்காரர் என்று பிறர் தவறாக நினைப்பதும், பெல்ஜியத்தவர் என்று புவாரோ திருத்துவதும் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதால், இந்த வேறுபாட்டை அவர் அலட்சியப்படுத்தவில்லை.

படப்பிடிப்பின் தொடக்க நாட்களில் ஒரு தகராறு நடந்தது. பூங்கா இருக்கையில் அமரும் முன்பு புவாரோ கைக்குட்டையால் அதைத் துடைத்து, அதன்மேல் உட்காருவார் என்றார் சூஷே. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று இயக்குநர் மறுத்தார். இருவரும் விட்டுக்கொடுக்காமல் வேலை நின்றுபோய், தயாரிப்பாளர் பிரையன் ஈஸ்ட்மன் வந்து சூஷேயின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே காட்சி எடுக்கப்பட்டது. கைக்குட்டைக்காக இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்திருந்தால், அடுத்தடுத்து ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, கடைசியில் மீசை ஒட்டிய ஒரு கோமாளிதான் மிஞ்சியிருப்பார். புவாரோவைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, அவரோடு சேர்ந்து சிரிக்கலாம் என்று கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸும் அவருடைய கணவரும் விருந்துக்கு அழைத்துக் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததையும் சூஷே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

கேள்வி: இவர் தலைமை இன்ஸ்பெக்டர் ஜாப்பாகவும் நடித்திருக்கிறாராமே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: ஆம். 1985இல் வந்த ‘தர்ட்டீன் அட் டின்னர்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் பீட்டர் உஸ்டினோவ் புவாரோவாக நடிக்க, புவாரோ கதைகளில் வரும் காவல் அதிகாரி ஜாப்பாக இவர் வந்தார். தம் வாழ்க்கையிலேயே மோசமான நடிப்பு அதுவாக இருக்கலாம் என்று அவரே சொல்லியிருப்பதால், நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: செய்தி வாசிப்பாளர் ஜான் சூஷே இவருக்கு உறவா? (சென்னை வாசகர்)

பதில்: அண்ணன். ஐடிஎன் நிறுவனத்தின் செய்தி வாசிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். தம்பிக்குப் புவாரோ வேடம் வந்தபோது அதைத் தொடவே வேண்டாம் என்று அறிவுரை சொன்னவரும் இவர்தான்.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே வேடம் போட்டால் நடிகன் தேய்ந்துபோக மாட்டானா? (சேலம் வாசகர்)

பதில்: தேய்ந்துபோக வாய்ப்பு உண்டு, உலகெங்கும் நெடுந்தொடர்களில் அப்படிப் பலர் போயிருக்கிறார்கள். 1989 முதல் 2013 வரை 70 பகுதிகளில் புவாரோவாக நடித்தும் சூஷே தப்பித்ததற்குக் காரணம், அந்த வேடத்துக்கு வெளியே அவர் விடாமல் வேலை செய்ததுதான். அடுத்த ஆண்டும் தொடர் வரும் என்ற உறுதி அவருக்கு எப்போதும் இருந்ததில்லை என்பதும் ஒரு விதத்தில் நன்மையாக முடிந்தது.

1993இல் ஹரோல்ட் பின்டர் இயக்கிய ‘ஒலியானா’வில், மாணவி ஒருத்தியின் புகாரால் வாழ்க்கை சிதறும் பேராசிரியராக நடித்தார். 1996இல் டயானா ரிக்குடன் ‘ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்’ நாடகத்தில், மனைவியிடம் ஓயாமல் அவமானப்பட்டுப் பதிலடி கொடுக்கும் கணவராக வந்தார். 1990களின் பிற்பகுதியில் புவாரோ படப்பிடிப்பு சில ஆண்டுகள் நின்றிருந்தபோது ‘அமேடியஸ்’ நாடகத்தின் சாலியேரி வேடம் அவரை லண்டனிலிருந்து நியூயார்க்கின் பிராட்வேவரை கொண்டுசென்றது; டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். மொசார்ட்டின் மேதைமையைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் திறமை வாய்த்த, அதனாலேயே பொறாமையில் வேகும் இசைக்கலைஞன் சாலியேரி. 2010இல் ‘ஆல் மை சன்ஸ்’, 2012இல் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ என அமெரிக்க நாடகங்களின் பெரிய தந்தை வேடங்கள் அடுத்தடுத்து வந்தன. 2015இல், 69 வயதில், பெண் வேடமிட்டு, ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நகைச்சுவை நாடகத்தின் லேடி பிராக்னெலாக நடித்தார்.

தொலைக்காட்சியிலும் அவருடைய உச்சம் புவாரோ அல்ல என்பதே என் துணிபு. 2001இல் பிபிசி தயாரித்த ‘தி வே வி லிவ் நவ்’ தொடரில் அவர் செய்த மெல்மாட்டைத்தான் நான் முதலில் வைப்பேன். எங்கிருந்தோ வந்து, லண்டன் பிரபுக்களையெல்லாம் தன் விருந்து மேசைக்கு இழுத்து, இல்லாத ரயில் பாதைக்குப் பங்கு விற்கும் மோசடிக்காரன் அவன். கழுத்தைத் தோளுக்குள் இறக்கி, மூச்சையே கனமாக்கி, அறைக்குள் நுழையும்போதே அங்கிருக்கும் காற்றைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் ஒரு மிருகத்தை அவர் காட்டினார். துல்லியமும் மென்மையுமான புவாரோவைச் செய்தவர் இவர்தானா என்று ஐயம் வரும். 2007இல், ஊழியர்களின் ஓய்வூதிய நிதியைச் சூறையாடிய பத்திரிகை அதிபர் ராபர்ட் மாக்ஸ்வெல்லாக நடித்து சர்வதேச எம்மி விருதையும் பெற்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேடை அவரைப் புதிதாக வைத்திருந்தது உண்மை; அந்த மேடைக்குக் கூட்டம் சேர்த்ததில் புவாரோவின் பங்கும் பெரிது. இந்தக் கொடுக்கல் வாங்கலை அவர் வெட்கப்பட்டு மறைத்ததில்லை.

கேள்வி: புவாரோ இறக்கும் கதையைக் கடைசியாகப் படமாக்கவில்லை என்று படித்தேன். ஏன்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது சரிதான். ‘கர்ட்டன்’ 2013 நவம்பர் 13 அன்று இறுதிப் பகுதியாக ஒளிபரப்பாயிற்று. ஆனால் அந்தப் பருவத்தின் மற்றக் கதைகளுக்கு முன்பே அதை எடுத்து முடித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு தம்மோடு வாழ்ந்தவரின் மரணக் காட்சியோடு படப்பிடிப்புத் தளத்தை விட்டு வெளியேற சூஷே விரும்பவில்லை. நோயுற்று மெலிந்த புவாரோவுக்காக உடல் எடையைக் குறைத்து, பஞ்சுத் திண்டு இல்லாமல் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதை முடித்துவிட்டு, மீண்டும் பழைய உருவத்துக்குத் திரும்பி, ‘டெட் மேன்ஸ் ஃபாலி’ கதைக்காக டெவன் மாவட்டத்தில் கிறிஸ்டிக்குச் சொந்தமாக இருந்த கிரீன்வே மாளிகையில் கடைசி நாட்களைக் கழித்தார். அந்த மாளிகையை மனத்தில் வைத்தே கிறிஸ்டி எழுதிய கதை அது.

கேள்வி: இவரை இதுவரை பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடக்க ஆண்டுகளின் ஒரு மணி நேரக் கதைகளில் நகைச்சுவையும், புவாரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், காவல் அதிகாரி ஜாப், செயலாளர் மிஸ் லெமன் ஆகியோரின் துணையும் இருக்கும். மாலைப் பொழுதுக்கு அவை இதமானவை. ஆழம் வேண்டுமென்றால் 2003இல் வந்த ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ பாருங்கள். பிறகு 2010இல் வந்த ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’. சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் இடையே சிக்கிய கத்தோலிக்கராகப் புவாரோவை அதில் காட்டியிருக்கிறார். சூஷேயே 1986இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தவர், பின்னாளில் முழு விவிலியத்தையும் தம் குரலில் பதிவுசெய்தவர் என்பதால், பனியில் நிற்கும் ரயிலில் அவர் ஜெபமாலையைப் பிடிக்கும் விதத்துக்கு ஒரு கூடுதல் கனம் இருக்கிறது. இந்த இரண்டும் பிடித்திருந்தால், இடைவெளி விடாமல் மெல்மாட்டுக்குப் போய்விடுங்கள்.